ஒரு வெள்ளிக் காசு

சிங்கப்பூரின் துவாஸ் கப்பல் யார்டில் கிடந்த மூன்றாவது காற்றாலை இறக்கையையும் அதீஃப் ஒரு வெள்ளிக் காசால் தட்டினார். நல்ல இறக்கை கணீரென்று ஒலிக்கும். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் மொத்தென்று கேட்கும்.

இதுவும் மொத்தென்றுதான் கேட்டது. சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டார்.

"மூணுமேவா? மத்தியானம் கப்பல்ல ஏத்தணும் லா, பாய்!" மேனேஜர் பிரேம் தலையில் கை வைத்தார்.

"ஏத்தாதீங்க பிரேம், கெஞ்சிக் கேக்குறேன். இதுக்குக் கீழ மனுஷங்க நிப்பாங்க. இருபது வருஷமா கிரைண்டர் சத்தத்துக்கு நடுவுலயே தட்டிப் பாக்குறேன். என் காது பொய் சொல்லாது."

பிரேம் எஞ்சினியர் ரக்ஷனாவை அழைத்தார். அவள் மூன்றையும் ஸ்கேன் செய்தாள்.

"மூணும் ஓகே, அங்கிள்."

"என்னம்மா?"

"ஓகேங்கிறா, பாய்! ஒரு குறையும் இல்ல!" பிரேம் கத்தினார்.

"மெஷின் தப்பு! இன்னொரு தடவை பாரும்மா!" அதீஃப் காசை நீட்டி இறக்கையைக் காட்டினார். கையிலிருந்து காசு நழுவிச் சிமெண்டுத் தரையில் துள்ளித் துள்ளி உருண்டது.

தூரத்தில் நின்றவர்கள்கூடக் காசு விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினார்கள்.

அதீஃபுக்குக் கேட்கவில்லை.