பழைய பேர் இருக்கட்டும்

ஒரு பேரை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும், சொல்லுங்கள்?

அரை மணி நேரம் போதும் என்றாள் அபிராமி. தொடவே வேண்டாம் என்றார் செந்தில்.

பாயான் லெப்பாஸ் ஊரில், ஓர் ஆஸ்பத்திரியின் பதிவுகளைத் தேடும் கணினி வேலையைச் செய்துகொடுக்கும் ஆபீஸ் அது. பிள்ளை பிறந்ததும், பேர் வைக்கும்வரை, 'பி.ஓ.' என்று போட்டு அம்மா பேரை எழுதுவார்கள். பேபி ஆஃப் இன்னார் என்று அர்த்தம். தேடல் அட்டவணையிலும் அந்தக் கட்டத்துக்கு அதே பேர்தான். இனிமேல் அது 'குழந்தை பெயர்' என்று இருக்கட்டும் என ஆஸ்பத்திரி கேட்டிருந்தது.

"புதுப் பேரை மேல ஒட்டிடு அபி. பழைய பேர் அடியில இருக்கட்டும். எந்தப் பேர்ல கூப்பிட்டாலும் வரும்," என்றார் செந்தில்.

"அது ஒட்டு வேலை அண்ணே. அட்டவணையைப் புதுசாவே கட்டிடுறேன். பேரே வைக்காத பதிவெல்லாம் கிடக்கு, அந்தக் குப்பையும் போயிடும்."

"இருக்கட்டும்."

"இனி யாருண்ணே பழைய பேர்ல தேடப் போறா?"

"யாராவது தேடுவாங்க." முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் கீழே கடைக்குத் தேத்தண்ணி வாங்க இறங்கியதும் பக்கத்து மேசை ரொஸ்னா சிரித்தாள். "அண்ணனுக்கு மாலாஸ் லா, சோம்பல். பத்து வருஷமா அந்த நாற்காலி மட்டும்தான் தேயுது."

அபிராமிக்கும் அப்படித்தான் பட்டது. ஆள் திரும்புவதற்குள் புது அட்டவணையை ஏற்றிவிட்டாள். பழைய பேர் போயிற்று. பேரில்லாத பதிவுகளும் தேடலிலிருந்து போயின. வீட்டைக் கூட்டி முடித்த மாதிரி மனசு லேசாக இருந்தது.

டெலிபோன் அடித்தது. ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட் கவுண்டரிலிருந்து ஒரு பெண்.

"தங்கச்சி, தேடுனா வரலையே. காலையில கூட வந்துச்சு."

"பேர் மாத்தியாச்சுக்கா. இனி குழந்தை பேரைப் போட்டுத் தேடுங்க."

"குழந்தைக்குப் பேர் இல்லம்மா. பி.ஓ. யமுனான்னு போட்டாத்தான் வரும்."

"பேர் வைக்காததை எல்லாம் எடுத்தாச்சுக்கா. அந்த அம்மாவை வந்து பேரைப் பதியச் சொல்லுங்க லா. பிள்ளைக்குப் பேர் கூட வைக்காம அப்படி என்ன வேலையாம்?"

அந்தப் பக்கம், பின்னால் யாரோ நம்பர் கூப்பிடுவது கேட்டது.

"வைக்கிறதுக்குள்ள போயிட்டான் தங்கச்சி. நான்தான் யமுனா. கவுண்டர்ல ஆள் இல்லாதப்ப ஒரு தடவை போட்டுப் பார்த்துக்குவேன். எடை, பிறந்த நேரம் எல்லாம் வரும். வேற எங்கயும் அவன் இல்ல."

அபிராமி பழைய அட்டவணையைத் தேடித் திறந்தாள்.

"திருப்பி வச்சிடுறேன்கா. இப்பவே வச்சிடுறேன்."

கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு செந்தில் உள்ளே வந்தார். கையில் அவளுக்கும் சேர்த்து தே பொட்டலங்கள்.

"இன்னொண்ணு தங்கச்சி," என்றாள் யமுனா, குரலைத் தாழ்த்தி. "அங்க செந்தில்னு ஒருத்தர் இருப்பாரு, என் வீட்டுக்காரர். அவரு பாவம், எல்லாத்தையும் மறந்துட்டு நிம்மதியா இருக்காரு. நான் இன்னும் தேடுறேன்னு அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."