கொட்டாத தண்ணீர்

ஐஸ் பெட்டியைக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்குக் கரண்டு கொடுத்த பிளக் காலியாக இருந்தது.

அவள் குனிந்து, மீன் தொட்டி மோட்டாரின் வயரை எடுத்துச் சொருகினாள்.

நேற்று யாரோ அதைப் பிடுங்கிவிட்டு ஐஸ் பெட்டிக்குக் கொடுத்திருந்தார்கள். கூடத்தில் இருப்பது அந்த ஒரு பிளக்தான். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கணவரைக் கிடத்தியிருந்ததும் தொட்டிக்குப் பக்கத்தில்தான். விடிய விடிய ஒரு பெட்டி இரைந்தது. இன்னொரு பெட்டி வாயை மூடிக்கொண்டிருந்தது.

மோட்டார் ஒருமுறை செருமியது. பிறகு ஓடத் தொடங்கியது.

மீன் ஒன்றுகூடச் சாகவில்லை.

செடிகள் பார்த்துக்கொண்டன. அடியில் நாடா நாடாவாக நீண்டு கிடந்தவை. விளிம்பில் சொருகிய மணி பிளான்ட், வேரெல்லாம் தண்ணீருக்குள் தாடிபோலத் தொங்க. மேலே கடுகளவு கடுகளவாக மிதக்கும் இலைகள்.

மீனுக்கு எது கழிவோ, செடிக்கு அதுதான் சோறு என்பார் அவர். செடிக்குச் சோறு போடத் தெரியாதவன்தான் தண்ணீரைக் கொட்டிக் கொட்டி மாற்றுவான் என்பார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுப்பார். மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குவார். காத்திருந்து, அடுப்படிக்குக் கொண்டுவந்து அவள் மூக்குக்கு நேரே நீட்டுவார். மஞ்சளாக இருந்தால் கழிவின் நைட்ரேட் தண்ணீரில் ஏறவில்லை. சிவந்தால் செடிகள் தோற்றுவிட்டன.

"பாஸு."

"மார்க்க அங்கிட்டு வையிங்க. தோசை கருகுது."

போன ஞாயிற்றுக்கிழமையும் பாஸ்தான்.

வெளியே தண்ணீர் கொட்டும் சத்தம். பிணத்தை எடுத்துப் போனதும் கேத வீட்டில் இருக்கிற தண்ணீரையெல்லாம் கொட்டிவிட வேண்டும். குடம், அண்டா, டிரம், குடிக்க வைத்த சொம்பு. பெண்கள் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படி வழியே தண்ணீர் இறங்கி ஓடியது.

சீனியம்மாள் வாளியும் டியூபுமாக வந்து நின்றாள். அவருடைய அக்கா. அழுது அழுது குரல் போயிருந்தது.

"நகரு தாயி. இதையும் கொட்டணும்."

"இது வேணாம் மதினி."

"சாவு பாத்த தண்ணி, வீட்ல நிக்கக் கூடாது. மீனப் பிடிச்சுப் புதுத் தண்ணில விட்ருவோம்."

"குழாத் தண்ணில விட்டா இருட்டுறதுக்குள்ள செத்துரும். இந்த வீட்ல இன்னொண்ணு சாகக் கூடாது மதினி."

"வருசக்கணக்கா அதே தண்ணி. அழுகிப் போய்க் கெடக்கும்."

அவள் தொட்டிக்கு மேலிருந்த அலமாரியைத் திறந்து கண்ணாடிக் குழாயை எடுத்தாள்.

ஒருநாளும் அவள் இதைச் செய்ததில்லை. பார்க்காததுபோலப் பார்த்ததெல்லாம் கைக்குத் தெரிந்திருந்தது. முதல் புட்டி. குலுக்கல். இரண்டாம் புட்டி. மறுபடி குலுக்கல்.

பிறகு காத்திருக்க வேண்டும்.

குடங்களோடு போன பெண்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். கீழேயிருந்து அவருடைய அத்தைக்காரி கத்தினாள்.

"என்னங்கடி அங்க வேடிக்க? குளிக்க வர்றீங்களா, இல்ல நான் ஏறி வரவா?"

யாரும் அசையவில்லை.

சிவந்தால்?

சிவந்தாலும் கொட்டுவதாக இல்லை. அது முடிவாகிவிட்டது. குழாயை அவள் பார்த்துக்கொண்டிருந்தது வேறு எதற்காகவோ.

ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தாள்.

மஞ்சள்.

"என்னத்தா அது?"

"பாஸு."

சொன்ன பிறகுதான், அது அவருடைய ராகத்தில் வந்துவிட்டது அவளுக்குத் தெரிந்தது. சீனியம்மாளின் முகம் ஒரு நொடி கலைந்தது.

"ஞாயித்துக்கெழம முழங்கை வரைக்கும் இதுக்குள்ள விட்டுச் செடி வெட்டுனாரு மதினி. அந்தக் கை இந்நேரம் எரிஞ்சுக்கிட்டிருக்கும். அது தொட்ட தண்ணி இது மட்டுந்தான் மிச்சம். நான் கொட்ட மாட்டேன்."

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"நீங்களும் கொட்ட மாட்டீங்க."

சீனியம்மாள் வாளியைக் கீழே வைக்கவும் இல்லை. தூக்கவும் இல்லை.

சொன்னவள் அங்கே நிற்கவில்லை. அடுப்படிக்குப் போய், மிச்சமிருந்ததையெல்லாம் தானே கொட்டினாள். சொம்பு. பானை. டிரம்மின் அடியில் கிடந்தது. அந்தத் தண்ணீரோடு அவளுக்கு வழக்கு எதுவும் இல்லை.

திரும்பி வந்தபோது பெண்கள் கீழே இறங்கிவிட்டார்கள். சீனியம்மாள் மட்டும் படிமுனையில், முதுகு காட்டி நின்றாள். வாளி அவளருகில் கவிழ்ந்து கிடந்தது. காய்ந்த வாளி.

அத்தைக்காரியின் குரல் மேலே ஏறி வந்தது.

"எல்லாம் கொட்டியாச்சா? அந்த மீன் தொட்டி?"

"கொட்டியாச்சுத்தே. ஒரு பொட்டுகூட இல்ல" என்றாள் சீனியம்மாள்.

உள்ளே மோட்டார் ஓடும் சத்தம் படிவரை கேட்டது.

வாசலில் நின்றவள் கதவை இழுத்துச் சாத்தினாள்.

சீனியம்மாள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். கைப்பிடிச் சுவரைப் பற்றியிருந்த வலது கை, முழங்கை வரை நனைந்திருந்தது. மணிக்கட்டில் கடுகளவு பச்சை இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.