தலைவர் வாசல் செடி

எதிர்வீட்டு ஓவர்சியர் செய்த அக்கிரமங்கள் வரிசைப்படி இவை.

முதலில், தலைவர் வீட்டு முன்னால் நட்ட சங்கக் கொடிக்கம்பம் வழியை அடைக்கிறது என்று புகார் எழுதிப் போட்டான். அடுத்து, விடிய விடிய ஒட்டிய சுவரொட்டிகளின் மேல் பொழுது விடிந்ததும் வெள்ளையடித்தான். மூன்றாவதாக, தலைவரின் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லாமல், "செடிக்கு இவ்வளவு தண்ணி ஊத்தாதீங்க" என்று சட்டம் பேசினான். இப்போது, அவள் வாசலில் வைத்து வளர்த்த அந்தச் செடியையே மருந்தடித்துக் கொன்றுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தெருவையே வாசலுக்குக் கூப்பிட்டிருந்தார் தலைவர்.

தப்பு செய்தவனை அடிக்க வேண்டாம், அபராதம் வேண்டாம். சாட்சிகள் முன்னால் அவன் பெயரைச் சத்தமாகப் படித்தால் போதும். சங்கத்தில் அவரே கொண்டுவந்த வழக்கம் அது. ஓவர்சியரின் பெயர் தாளில் தயாராக இருந்தது.

"மருந்துன்னு எப்படிச் சொல்றீங்க தலைவரே?" என்றார் மூலைவீட்டுத் தையல்காரர்.

"இலையைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது.

"நேத்து சாயங்காலம் என் வாசல்ல குனிஞ்சு நின்னது யாருய்யா?"

"நான்தான்," என்றார் ஓவர்சியர்.

"என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

"மண்ணைத் தொட்டுப் பார்த்தேன்."

"சரிதான், மண்ணுக்குக் காய்ச்சலான்னு பார்த்தாராம்," என்றார் தையல்காரர். கூட்டம் சிரித்தது. ஓவர்சியர் தலையைக் குனிந்துகொண்டார்.

"குழாய்ல சொட்டுச் சொட்டா வர்ற காலத்துல, குளிக்காம இருந்து அந்தத் தண்ணியை இதுக்கு ஊத்தினவன் நான். காலையில ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. அவ கையால வச்ச செடிங்க," என்றார் தலைவர். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. உடனே நிமிர்த்திக்கொண்டார். "என் மச்சான் மக காலேஜ்ல செடிகொடி பாடம்தான் நடத்துது. அது வந்து சொல்லட்டும்."

அவள் வந்தாள். இலையை வெளிச்சத்தில் பிடித்தாள், கசக்கி முகர்ந்தாள். கிளை நுனியில் காய்ந்து தொங்கிய சிவப்புக் காகிதம் போன்ற கொத்தைப் பிரித்துப் பார்த்தாள். குச்சியால் வேரைக் கிளறினாள். பிறகு எழுந்து, "மாமா, கொஞ்சம் உள்ள வாங்க. சார், நீங்களும்," என்று ஓவர்சியரையும் கூப்பிட்டாள்.

நடைக்குள் போனதும் கதவைச் சாத்தினாள்.

"மாமா, இது விராலி. பாறை இடுக்குல, காஞ்ச மேட்டுல தானா வளர்றது. இலை ஒட்டுறது மருந்தில்ல. அதோட பிசினே அப்படித்தான்."

"பூவெல்லாம் கருகிக் கிடக்கே."

"நீங்க பூன்னு நினைச்சது காய் மாமா. பூ இத்துனூண்டு இருக்கும், கண்ணுக்கே தெரியாது."

"அப்போ ஏன் செத்துச்சு?"

அவள் தரையைப் பார்த்தாள். "வேர் அழுகிப் போச்சு. வறட்சியிலேயே வாழற செடி. அத்தை இதுக்குத் தண்ணி ஊத்தி நீங்க பார்த்திருக்கீங்களா?"

தலைவர் யோசித்தார். மறியலுக்கும் மாநாட்டுக்கும் ஜெயிலுக்கும் கிளம்பும்போதெல்லாம் மனைவி அந்தச் செடி ஓரமாகத்தான் நின்று வழியனுப்பினாள். அவள் அதற்குத் தண்ணீர் ஊற்றினாளா, ஊற்றவில்லையா? அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை.

அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் வாளியைத் தூக்கினார். இலை வாடியது. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினார்.

"உனக்குத் தெரியுமாய்யா?" என்றார் ஓவர்சியரிடம்.

"சந்தேகம்தான். மண்ணு எப்பவும் சொதசொதன்னே இருந்துச்சு. சொன்னேன், நீங்க காதுல வாங்கல." ஓவர்சியர் குரலைத் தாழ்த்தினார். "அது போகட்டும் தலைவரே. வெளியில என் பேரையே படிச்சிடுங்க."

"என்னய்யா சொல்றே?"

"அக்கா வச்ச செடியை நீங்களே கொன்னுட்டீங்கன்னு தெரு பேசக் கூடாது. நான் உங்ககிட்ட திட்டு வாங்கிப் பழகினவன். இன்னொண்ணு சேர்ந்தா ஒண்ணும் குறைஞ்சுட மாட்டேன்."

தலைவர் அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

வெளியே தையல்காரர் கதவைத் தட்டினார். "வெயில் ஏறுது தலைவரே. பேரைப் படிச்சிட்டீங்கன்னா கலைஞ்சு போவோம்."

தலைவர் வெளியே வந்தார். தாளை விரித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"செடியைக் கொன்றவர்," என்று ஆரம்பித்து, தகப்பன் பெயரையும் சேர்த்து, கடைசியில் நின்றவனுக்கும் கேட்கும்படி தன் பெயரைச் சொன்னார்.