எடை மிஷின்

எடை பார்க்காமல் டாக்டரைப் பார்க்க முடியாது, ஆர்.எஸ்.புரத்தில் அந்த கிளினிக்கின் சட்டம் அது. செருப்பைக் கழற்றிவிட்டு மிஷினில் ஏறினேன். நாற்பத்தெட்டு கிலோக்காரி நான். முள் நூற்றொன்பதில் நின்றது.

"மிஷின் கெட்டுப்போச்சாட்டம் இருக்குதுங்க்கா" என்றாள் நர்ஸ்.

அறுபத்தொன்று அதிகம். போன மாசம் செத்த என் வீட்டுக்காரர் காளிச்சாமியின் எடை அது. இதே மிஷினில் பார்த்தது. வலிப்புக்கு இந்த டாக்டர் தந்த மாத்திரையில் அவருக்கு உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பியது. துடியலூர் பூத்திலிருந்து டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"சூட்டுக் கொப்புளம். எளநி குடு, மாத்திரையை நிறுத்தாதே" என்றார்.

படித்தவர் பேச்சென்று என் கையாலேயே விழுங்க வைத்தேன். தோல் உரிந்து செத்தார். இன்றைக்கு உள்ளே போய் அதைச் சொன்னேன்.

"லட்சத்துல ஒருத்தருக்கு அப்படி ஆகும்மா" என்றார் டாக்டர், தலை நிமிராமல்.

"அந்த ஒருத்தரைக் கூட்டியாந்திருக்கறனுங்க. அவருகிட்டயே சொல்லிப்போடுங்க."

வெளியே வந்து மறுபடி ஏறினேன். நாற்பத்தெட்டு.

"மிஷின் நல்லாத்தானே இருக்கு?" என்று பின்னாலேயே வந்த டாக்டர், தானும் ஏறினார்.

"நூத்தி முப்பத்து மூணு காட்டுதுங்க சார். காலையில எழுபத்திரண்டுதானுங்களே?" என்றாள் நர்ஸ்.

அவர் இறங்கி இறங்கி ஏறினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன், தனியாக.