பக்கத்து வீட்டுச் சீர்

திருவண்ணாமலையில் பொங்கல் வந்தாலே சந்திரகலாவுக்கு வயிறு எரியும். பக்கத்து வீட்டு சுனந்தாவுக்கு வருஷம் தவறாமல் பிறந்த வீட்டுச் சீர் வந்துவிடும்.

"எங்கண்ணன் எப்பவும் ஜாஸ்தியாதான் கொண்டாருவாருக்கா," என்று அதில் பெரும்பங்கைக் கொண்டுவந்து வேறு கொடுப்பாள்.

சந்திரகலாவோ, ஒரு வாய்ச்சண்டையில் தன் அண்ணன் ஆதிமூலம் கொண்டுவந்த சீரைத் திருப்பியனுப்பியவள். அதன்பின் அவர் அவள் வாசலை மிதிக்கவில்லை.

எண்பத்திரண்டாம் வருஷப் போகியன்று, அந்த மகராசன் யாரென்று பார்த்துவிடலாம் எனச் சுனந்தா வீட்டை எட்டிப்பார்த்தாள்.

கரும்பையும் மஞ்சள் கொத்தையும் இறக்கிவைத்துக்கொண்டிருந்தவர் ஆதிமூலம்.

"என் தங்கச்சிக்கு இன்னும் கோவம் தணியலையாம்மா?" என்று சுனந்தாவிடம் கேட்டார். "போவட்டும். எப்பவும்போல உங்கண்ணன் குடுத்ததா சொல்லியே குடுத்துடு."

வாசலிலேயே முந்தானையை ஏந்தினாள் சந்திரகலா.

"எங்கையிலயே குடுண்ணா."