மௌரீனின் நம்பர்

"மேடம்கிட்ட போனைக் கொடுங்க சார். ஒரே ஒரு நிமிஷம்."

"மௌரீனா? குளிக்கிறாளேம்மா."

லாவண்யா பல்லைக் கடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை கேட்டபோது மேடம் சர்ச்சுக்குப் போயிருந்தார். புதன்கிழமை தூக்கம். இன்றைக்குக் குளியல்.

வெப்சைட் பெயர்களைப் பதிவு செய்து தரும் கம்பெனியில் லாவண்யாவுக்கு வேலை. எந்த வெப்சைட் யாருடையது என்று எவர் வேண்டுமானாலும் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். பேர், வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் பட்டவர்த்தனமாக நிற்கும். இப்போது புதிதாக வருகிறவர்களின் விவரங்களைக் கம்பெனியே மறைத்துவிடுகிறது. பழைய ஆட்கள் மட்டும் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

அவள் பட்டியலில் எல்லாரும் சொல்லியாயிற்று. பாக்கி, லிங்கராஜபுரத்தில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் மௌரீன் ஒருத்திதான். போனை எடுப்பதோ எப்போதும் புருஷன் ஓஸ்வால்ட்.

"சார், நம்பரைப் பார்த்துட்டுக் கண்டவங்க கூப்பிடுவாங்க. மேடத்துக்குத் தொந்தரவு இல்லையா?"

"கூப்பிடறாங்கம்மா. தினம் பத்துப் பன்னெண்டு பேர். லோன் தரேன், வெப்சைட்டை அழகு பண்ணித் தரேன்னு. பாவம், அவங்களுக்கும் அதானே வேலை."

"அதை மேடம் சொல்லட்டும் சார்."

"நான் சொன்னா போதாதாம்மா? மறைக்க வேணாம். அப்படியே இருக்கட்டும்."

வைத்துவிட்டார்.

லாவண்யாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவளுடைய நம்பர் ஒருமுறை எப்படியோ வெளியே போய், ஆறு மாதம் முகம் தெரியாதவர்கள் பேசிய கண்றாவியையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் சிம்மையே மாற்றியவள் அவள். புது நம்பர் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"பொண்டாட்டிய ஒரு வார்த்தை பேச விடமாட்டேங்கறான். அவ நம்பர் மட்டும் உலகத்துக்கே தெரியணுமாம்," என்று பக்கத்து நாற்காலி ரோஹனிடம் பொருமினாள்.

"உனக்கேன் வம்பு? ஓனர் சொல்லாம தொடாதே," என்றான் அவன்.

தொட்டாள். திரையில் 'மறை' என்ற பட்டனில் ஒரே ஒரு தட்டு. பேர், விலாசம், நம்பர் மூன்றும் பதிவேட்டிலிருந்து மறைந்தன. ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் அன்றைக்கு ஒரு காபி கூடுதலாகவே குடித்தாள்.

மூன்று மாதம் கழித்து ஓஸ்வால்டே கூப்பிட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது.

"என்னமோ ஆயிடுச்சும்மா. போன் வர்றது கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு, பத்து நாளா ஒண்ணுகூட வரல. கடையில காட்டினேன். போன் நல்லாத்தான் இருக்குன்றான். நீ ஏதோ மறைக்கணும்னியே, அதான் கேக்கறேன். ரொம்ப பேஜாரா இருக்கு."

"நான்தான் சார் மறைச்சேன்." இதற்காகவே காத்திருந்தவள் போல லாவண்யா வெடித்தாள். "மேடத்துக்காக. தப்புன்னா அவங்க வந்து சொல்லட்டும், கேட்டுக்கறேன். இப்பவும் குளிக்கிறாங்களா?"



"மௌரீன் போய் ரெண்டு வருஷம் ஆவுதும்மா."

அவரே தொடர்ந்தார்.

"உன்கிட்ட பொய் சொல்லணும்னு இல்ல. நான் அழுதுடுவேன்னு சர்ச்சுல யாரும் இப்ப அவ பேரை எடுக்கறதில்ல. பையன் கனடாவுலேர்ந்து பேசுவான். 'சாப்ட்டீங்களா டாடி' அவ்வளவுதான். மம்மின்னு ஆரம்பிச்சா வெச்சிடுவான். இந்த லோன்காரங்கதான் எடுத்ததும் அவளைக் கேப்பாங்க. மார்க்கெட் போயிருக்கா, சர்ச்சுக்குப் போயிருக்கான்னு சொல்லுவேன். வெச்சப்புறம் கொஞ்ச நேரம், வர்ற நேரமாச்சேன்னு வாசல் கேட்டைப் பார்த்துட்டு உக்காந்திருப்பேன்."

"சார்... மன்னிச்சிடுங்க சார்."

"பரவால்லம்மா. நீ நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்ச." மெதுவாக போனை வைத்தார்.

லாவண்யா அந்தப் பட்டனைத் திருப்பித் தட்டினாள். பதிவேட்டில் மௌரீன் மறுபடி தெரிய ஒரு நாள் ஆகும். கூப்பிடுகிறவர்கள் கண்ணில் பட இன்னும் எத்தனை நாளோ!

மறுநாள் காலை பதினொரு மணி. லாவண்யா ஆபீஸ் மாடிப்படிக்கு வந்து, அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாத தன் சொந்த நம்பரிலிருந்து லிங்கராஜபுரத்துக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார் ஓஸ்வால்ட்.

"ஹலோ, மௌரீன் மேடம் இருக்காங்களா?"