ஒட்டாத பீம்

"அக்கா, இன்னைக்கும் பீம் ஒட்டலைக்கா."

சோற்றில் கை வைத்ததும் வந்துவிடும் இந்த போன். லீமாரோசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாம்பனில் அம்மாவும் மகளுமாய் இருந்த வீடு. அம்மா கண்ணை மூடிய பிறகு மதுரை ஆபீசுக்குப் போகப் பிடிக்காமல், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கட்டுமான மாடல் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஒருத்திக்கு எதற்குக் குழம்பு என்று சாப்பாடும் ரசத்தோடு சரி.

போனில் இருப்பவள் சத்யப்பிரியா. முதுகுளத்தூர்க்காரி, ஆபீசில் புதிது. மீன் இறங்குதளம் ஒன்றின் மாடல், இரண்டு பேருக்கும் சேர்ந்து வந்த வேலை.

"ஏண்டி, எத்தனை தடவை சொல்றது? மேல இருக்கிற தளம் ஷெல்லு. அதைத் தாங்குற உத்தரம் பீமு. ஸ்கிரீன்ல ஒட்டின மாதிரிதான் தெரியும். சேர்ற இடத்துல நோடு, அதான் இணைப்புப் புள்ளி, ரெண்டுக்கும் பொதுவா இல்லேன்னா, பீம் இருக்கிறதே ஷெல்லுக்குத் தெரியாது. தளம் தனியா தொங்கிப்போயிரும்."

"பக்கத்துலயே இருந்தும் தெரியாதாக்கா?"

"தெரியாது! அங்கன ஒரே புள்ளியில ரெண்டு நோடு கெடக்கும் பாரு, சேத்து விடு."

"இருங்க, பாக்குறேன். நீங்க சாப்பிட்டுக்கிட்டே சொல்லுங்க."

திட்டுவதில் லீமாரோஸ் ஒரு குறையும் வைக்கவில்லை. அந்தச் சாக்கில் தட்டும் காலியாகிவிட்டது.

போனை வைத்ததும் வீடு கப்சிப். அதுதான் அவளுக்கு ஆகாது, அழுகை வந்துவிடும். இன்று அழுகையோடு கோபமும் சேர்ந்துகொள்ள, மேனேஜர் முத்துகிருஷ்ணனைக் கூப்பிட்டாள்.

"சார், பால்வாடிப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி தினம் இதையே சொல்லிக்கிட்டிருக்கேன். சத்யப்பிரியாவுக்கெல்லாம் யாரு சார் வேலை குடுத்தது? சீட்டைக் கிழிச்சு அனுப்புங்க!"

முத்துகிருஷ்ணன் திருப்பிக் கேட்டார்.

"அம்மா போனப்ப, ‘சாப்பிட்டியா, எப்படி இருக்கே’ன்னு ஆபீஸ்ல ஆளாளுக்குக் கேட்டோம். நீ என்ன சொன்னேம்மா?"

"வேலை விஷயம்னா மட்டும் கூப்பிடுங்கன்னேன். அதுக்கென்ன இப்ப?"

"அதைக் கேள்விப்பட்டுத்தான் அவ வேலை விஷயமாவே கூப்பிடுறா. வந்தது புதுசுன்னாலும், இங்க எல்லாரோட மாடலையும் சரிபார்க்கிறதே அந்தப் பொண்ணுதான். உங்க ரெண்டு பேரு மாடல்ல நோடெல்லாம் காலையிலேயே ஒட்டித்தாம்மா இருக்கு. உன் சாப்பாட்டு நேரம் வந்ததும் அவளே பிரிச்சு விட்டுட்டு உனக்குப் போன் போடுறா."

"மாதாவே!" என்றாள் லீமாரோஸ்.

மறுநாள் மதியம், சோற்றில் கை வைத்ததும் போன் வந்தது.

"அக்கா, இன்னைக்கும் பீம்..."

"அது கெடக்கட்டும். நீ சாப்பிட்டியாடி?"